பல்லு ஆட முன்னம்: உங்கள் ஈற்றுக்கு நீங்களே கணக்குப் பார்ப்பது எப்படி

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பல் கிளினிக்கில் 19 வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். என் வேலையில் பாதி, எண் எழுதுவது. டொக்டர் கம்பி மாதிரி மெல்லிய அளவுகோல் ஒன்றைப் பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவில் இறக்கி, "மூன்று, இரண்டு, மூன்று" என்று ஆழத்தை மில்லிமீற்றரில் சொல்லிக்கொண்டே போவார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறவருக்கு 192 எண். மூன்று வரைக்கும் என் பேனா தன்பாட்டுக்கு ஓடும். ஐந்து, ஆறு என்று டொக்டரின் குரல் இறங்கும்போது நாற்காலியில் படுத்திருப்பவரின் கையைப் பார்ப்பேன். எண்ணின் அர்த்தம் தெரியாவிட்டாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

எழுந்து வாயைக் கொப்பளித்ததும் அநேகமாக இரண்டில் ஒரு பேச்சு வரும். "இது எங்கட பரம்பரை மிஸ், ஒண்டும் செய்யேலாது" என்பார்கள். இல்லாவிட்டால், "நான் ரெண்டு நேரமும் விளக்குறனே, எனக்கு எப்பிடி வந்தது?" என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வெளியில் இன்னும் ஆறு பேர் காத்திருப்பதால் மீதிப் பாதியை விளக்கிச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல் பற்றி ஒரு வரி. நான் மலையகத்துப் பிள்ளை, ஈறு என்பேன். என் கணவர் வடமராட்சி, முரசு என்பார். கல்யாணமான புதிதில் "முரசு வீங்கிட்டுது" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோயில் திருவிழாதான் ஞாபகம் வந்தது. இங்கே இரண்டும் கலந்து வரும்.

நோய் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் பிசுபிசுவென்று படியும். அன்றன்று எடுக்காவிட்டால் ஈறு சிவந்து வீங்கும், பிரஷ் பட்டால் ரத்தம் கசியும். படிவு நாள்பட்டால் காரையாக இறுகிவிடும். 1965இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழன்றது. திரும்ப விளக்கத் தொடங்கி ஒரு கிழமை போல ஆனதும் சுகமாகிவிட்டது. ஆக, இந்தக் கட்டம் வரைக்கும் திரும்பி வர வழி இருக்கிறது. அடுத்த கட்டத்தில் அழற்சி கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது. கிருமி ஆரம்பித்து வைக்கும் சண்டையில் எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் நம் உடம்பின் பதிலடிதான். அந்தப் பதிலடி ஆளுக்கு ஆள் வித்தியாசம். பரம்பரை உள்ளே நுழைவது இந்த இடத்தில்.

முதலில் சொந்தக்காரரை விசாரியுங்கள்

"அப்பாவுக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. முதல் பல் எந்த வயதில் போனது என்று கேளுங்கள். வலித்துப் பிடுங்கினார்களா, ஆடி ஆடித் தானாக வந்ததா என்று கேளுங்கள். விழுவதற்கு முன் பல் நீண்டது மாதிரித் தெரிந்ததா, முன்பல் நடுவில் இடைவெளி விழுந்ததா என்று கேளுங்கள். கடைசியாக, அந்த வயதில் அவர் சுருட்டு, சிகரெட், வெற்றிலை என்று என்ன வைத்திருந்தார், சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகள் எப்படி ஆளைப் பிரிக்கும் என்பதற்கு எங்கள் வீடே போதும். என் மாமிக்கு மேல்வாயில் ஒரு பல்லும் இல்லை. "பிள்ளை, எல்லாம் சூத்தை பிடிச்சுத்தான் போனது, ஒவ்வொண்டுக்கும் நான் அழுதிருக்கிறன்" என்பா. அது பற்சிதைவு, வேறு கதை. அவவின் பல் போன கணக்கை என் பிள்ளைகளின் முரசுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

என் அப்பா கதை வேறு. அவர் நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை தூக்கினார். கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தெட்டு வயசு இருக்கும்மா. பல்லு ஆடுச்சு, நாக்கால தள்ளுனேன், வந்துருச்சு. வலிக்கவே இல்ல. நல்ல பல்லு, ஒரு ஓட்டை கிடையாது." ஓட்டையே இல்லாத பல் வலிக்காமல் கையோடு வந்தது என்று ஒருவர் சொன்னால், அது ஈற்று நோய். சித்தப்பாவுக்கும் அப்படியே, நாற்பதில். நடுவில் பிறந்த அத்தைக்கு எழுபது வயதிலும் கரும்பு கடிக்கிற பல். மூவரும் ஒரே லயத்து அறையில் வளர்ந்தவர்கள், சாம்பலும் கரியும் வைத்து விளக்கியவர்கள்.

உங்கள் வீட்டில் விசாரிக்கும்போது கூடப்பிறந்தவர்களை விட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கு வந்தது வயதின் காரணமாகவும் இருக்கலாம். முப்பது வயதுக்குள் அக்காவுக்கோ தம்பிக்கோ கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் மட்டும் ஆடுகிறது என்றால், மற்றப் பிள்ளைகளையும் அந்த மாதமே கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். இளவயதில் வரும் அந்த வகை குடும்பத்துக்குள் சுற்றும், வேகமாகவும் ஓடும்.

விசாரித்ததை எழுதி வையுங்கள். நான் கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பெயர், முதல் பல் போன வயது, ஆடியதா வலித்ததா, என்ன பழக்கம். நாலு நிரல், பதினொரு பேர்.

மலையகத்தில் எடுத்த கணக்கு

அப்பாவின் கதையை டொக்டரிடம் சொன்ன அன்றுதான் அவர் எனக்கு இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். உலகத்தில் முரசு நோய் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஆய்வாம். எங்கள் ஆட்களைப் பற்றிய ஆய்வு, அதுவரை எனக்குத் தெரியாது.

1970இல் நோர்வேயைச் சேர்ந்த ஹரல்ட் லோவும் அவரது குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை அளந்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களை அளந்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் எட்டாத ஆட்கள் என்பதால்தான் அவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டியிருந்தது. எல்லோர் வாயிலும் படிவு, காரை, கறை. எல்லோருக்கும் ஈறு அழற்சி. பற்சிதைவு கிட்டத்தட்ட இல்லை.

இவ்வளவும் ஒரே மாதிரி இருந்தும் முடிவு மூன்றாகப் பிரிந்தது. 8 வீதமானவர்களுக்கு நோய் ஓடியது: 35 வயதில் சராசரியாக 12 பல் போயிருந்தது, 40இல் 20, 45இல் வாயில் ஒன்றும் இல்லை. 81 வீதமானவர்களுக்கு அது மெதுவாக நடந்து போனது: 45 வயதில் சராசரி 7 பல் போயிருந்தது. மீதி 11 வீதமானவர்களுக்கு ஈறு அழன்றதோடு நின்றுவிட்டது. அதே காரை, அதே கறை, பல் மட்டும் அசையவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் என்று கலண்டர் தாளில் நான் எழுதியது அப்படியே அதற்குள் பொருந்தியது. (ஆய்வில் பெண்கள் இல்லை என்பது வேறு விஷயம்.) பதினைந்து வருஷம் அளந்த வாய்கள் என் அப்பா, பெரியப்பா வயது ஆட்களுடையவை என்று நினைத்தபோது மனசு என்னவோ செய்தது. அந்த எண்கள் இன்று உலகத்து நோயாளிகளுக்கெல்லாம் உதவுகின்றன. வாயை அளக்கக் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் பொக்கை வாயோடு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த மூன்று கூட்டத்தில் நீங்கள் எதில் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியாது. குடும்பத் தாள் ஒரு மணம் காட்டும், அவ்வளவுதான். அந்த 11 வீதத்தில்தான் தாங்களும் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாழ்கிறவர்களை நான் தினமும் எண் எழுதிச் சந்திக்கிறேன்.

பரம்பரை எவ்வளவு?

அமெரிக்காவில் 117 சோடி இரட்டையர்களை வைத்து 2000இல் வெளியான ஆய்வு, ஆளுக்கு ஆள் இந்த நோயில் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியைப் பரம்பரையால் விளக்கலாம் என்றது. இதைக் கேட்டு, "அப்ப என் பல்லில பாதி எழுதி வச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னார். அப்படி எடுக்கக் கூடாது. மக்கள் கூட்டத்துக்குள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு அது. உங்கள் வாய்க்குள் எத்தனை பல் என்பதை அது சொல்லாது.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் ஆட்கள் கேட்பார்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற பொருளின் மரபணுவைப் பார்க்கும் சோதனை 1990களின் கடைசியில் விற்பனைக்கு வந்தது. ஒரு மரபணு தனியாக இந்த நோயைத் தீர்மானிப்பதில்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்துதான் தள்ளுகின்றன. என் அபிப்பிராயத்தில், அந்தக் காசுக்கு நாலைந்து தரம் காரை எடுத்துவிடலாம்.

ஒரேயொரு மரபணுவால் வருவதும் உண்டு, மிக அரிதாக. கதெப்சின்-சி மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதாக வந்தால், பிள்ளையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். பாற்பல் நாலைந்து வயதிலேயே ஆடி விழும். நிரந்தரப் பல்லும் பதின்ம வயதுக்குள் போகத் தொடங்கும். பப்பிலோன்-லெஃபெவர் என்று பெயர், 1924இல் முதலில் விவரிக்கப்பட்டது. பெற்றோர் இருவரும் நோய் தெரியாமல் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டுகிற நம்மிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது. பல் முளைக்கும் வயதில் பல் விழுந்தால், "பால் பல்லுத்தானே" என்று விடாதீர்கள்.

மாற்றக்கூடிய பழக்கங்கள்

சிகரெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது பொய் சொல்லும். புகை பிடிப்பவரின் ஈற்றில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அழற்சி உள்ளே எரிந்துகொண்டிருந்தாலும் ரத்தம் கசியாது. ஈறு வெளிறி, இறுகி, பார்வைக்கு நல்லதாகவே இருக்கும். "எனக்கு ஒருநாளும் ரத்தம் வந்ததில்ல மிஸ்" என்று பெருமையாகச் சொன்ன ஓட்டோக்காரர் ஒருவருக்கு நான் ஏழும் எட்டும் எழுதியிருக்கிறேன். புகைக்காதவரோடு பார்த்தால் புகைப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நாலு மடங்கு என்று அமெரிக்கப் பெரிய கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் என்றால் உங்கள் நோயை வேகமாக ஓடும் வகையில்தான் டொக்டர் போடுவார். விட்ட பிறகு முதல் கிழமைகளில் ரத்தம் கூடக் கசியலாம். பயந்து திரும்பப் பற்ற வைக்காதீர்கள், ரத்த ஓட்டம் திரும்புகிறது என்று அர்த்தம்.

வெற்றிலை. இதில் நான் நடுநிலையாக எழுத முடியாது. அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுருள் இருக்கும்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பசி தெரியாமல் இருக்க அதுதான். "வெத்தல பல்லுக்கு உறுதி" என்பார், ஒவ்வொரு பல்லாக உதிர்ந்துகொண்டிருந்த காலத்திலும். பாக்குத் துணுக்கு ஈற்றோரத்தில் குத்தி உட்காரும், சுண்ணாம்பு ஈற்றை அரிக்கும், காரை தடித்து ஏறும். கருஞ்சிவப்புக் கறை காரையை மறைத்துவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சில நேரம் அந்தக் காரையே ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும். முரசை விடப் பெரிய பயம் ஒன்றும் இருக்கிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடுகிறவர் பல் ஆட்டத்துக்காக வந்தாலும் எங்கள் டொக்டர் முதலில் கன்னத்தின் உட்பக்கத்தைத்தான் பார்ப்பார். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முன்போல அகலத் திறக்காமை, இதில் எது இருந்தாலும் முரசை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதற்கு ஓட வேண்டும்.

சீனி வருத்தம். கொழும்பில் எங்கள் வயதில் யாருக்குத்தான் இல்லை. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முரசு நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும், வந்தால் ஆறவும் சுணங்கும். மூன்று மாதச் சீனி என்று சொல்கிற எச்பிஏ1சி 7க்கு மேல் இருந்தால் ஈற்றுக்கும் அது எச்சரிக்கை. இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது: முரசு அழற்சி சீனியையும் ஏற்றும். ஈற்றை ஆழமாகச் சுத்தம் செய்த மூன்று நாலு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி இறங்குவதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். மருந்தை விடச் சொல்லவில்லை. அடுத்த தரம் சீனிக் கிளினிக்குக்குப் போகும்போது, "முரசிலயிருந்து ரத்தம் வருது" என்பதையும் சொல்லுங்கள் என்கிறேன்.

பிரஷர் குளிசைகளில் நிஃபெடிபின், அம்லோடிபின் வகை, வலிப்புக்குப் போடும் ஃபெனிடொயின், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், இவை சிலருக்கு ஈற்றைத் தடிக்க வைக்கும். பற்களுக்கு நடுவே சதை உருண்டு வரும். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். குளிசை அட்டையைக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள், டொக்டர்கள் தங்களுக்குள் கதைத்து மாற்றுவார்கள்.

பிள்ளைத்தாச்சிகளுக்கு ஈறு வீங்கும், ஹோர்மோன் காரணம். "பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்ப்பம்" என்று மாமிமார் தடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கர்ப்ப காலத்தில் காரை எடுக்கலாம், நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை மிக வசதியான நேரம். மன அழுத்தத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அழுத்தம் உள்ளவர் பல் விளக்காமல் படுப்பார், கூடப் புகைப்பார், அதுவே போதும்.

கண்ணாடிக்கு முன் ஐந்து நிமிஷம்

இதை ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தேத்தண்ணி குடிக்க முன் செய்யுங்கள். போன் டோர்ச் போதும். கீழுதட்டை இழுத்துப் பிடித்து முன்பற்களின் உட்பக்கம் வெளிச்சம் அடியுங்கள். நாக்குப் பக்கம் உமிழ்நீர் சுரக்கிற இடம் அது, காரை முதலில் அங்கேதான் கட்டும். மஞ்சளாகவோ கபிலமாகவோ ஒரு வரம்பு தெரிந்தால், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வராவிட்டால் காரை. பிறகு ஈற்று ஓரம்: நல்ல ஈறு பற்களுக்கு நடுவில் கூராக ஏறி நிற்கும். எங்கள் ஆட்களுக்கு ஈறு இயல்பாகவே கருமை கலந்து இருக்கும், எனவே நிறத்தை வைத்துப் பதறாதீர்கள். கூர் மழுங்கி உருண்டிருக்கிறதா, பளபளவென்று வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இரண்டு சிரிப்பு: ஐந்தாறு வருஷத்துக்கு முன் சிரித்துக்கொண்டு எடுத்த போட்டோவையும் இன்றைய சிரிப்பையும் பக்கத்தில் வையுங்கள். பல் நீண்டிருந்தால், நடுவில் கறுப்பு முக்கோணம் விழுந்திருந்தால் ஈறு இறங்கியிருக்கிறது. கடைசியாகப் பல் விளக்கித் துப்பி, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கடைசிச் சோதனையில் தவறியவள் நான்தான். 39 வயது வரை என் வாயை யாரும் அளந்ததில்லை, பதினாலு வருஷம் மற்றவர்களுக்கு எண் எழுதியவளுக்கு. காலையில் பேசினில் இளஞ்சிவப்பாக வரும், "பிரஷ் புதுசு" என்று தண்ணீரைத் திறந்துவிடுவேன். ஒரு மழை நாள், நோயாளிகள் வரவில்லை, டொக்டர் சும்மா "ஏறிப் படு பார்ப்பம்" என்றார். எழுத ஆளில்லை, அவரே சொல்லி அவரே எழுதினார். கீழ் முன்பற்களில் ஐந்து, ஐந்து, ஆறு. படுத்துக்கொண்டு கேட்கும்போதுதான் நானும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது.

கிளினிக்கில் என்ன கேட்பது

"பல்லுக் கிளீன் பண்ணிவிடுங்க" என்று மட்டும் சொன்னால், அவசரத்தில் பல்லின் மேல்பக்கத்தை மினுக்கி அனுப்பிவிடும் இடங்களும் இருக்கின்றன. முதல் வேலையாகக் குடும்பத் தாளைக் காட்டுங்கள். பிறகு, "முரசை அளந்து எண் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். மூன்று மில்லிமீற்றர் வரை சரி. நாலு ஐந்து என்றால் பள்ளம் விழுந்திருக்கிறது, ஆறுக்கு மேல் ஆழம். ஆழமான இடங்களுக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்ப்பார்கள். ஈற்றுக்குக் கீழே வேரோடு சேர்த்துச் சுரண்டுவதை ஒரே நாளில் முடிக்க முடியாது, மரக்கச் செய்து பகுதி பகுதியாகச் செய்வார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். அந்த இரண்டாவது அளவுதான் முக்கியம், அதற்குத்தான் யாரும் வருவதில்லை.

காசு இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். கொழும்பு 7, வோட் பிளேசில் இருக்கும் அரசாங்கப் பல் வைத்தியசாலை இலவசம். விடியவே போய் வரிசையில் நிற்க வேண்டும், வாசிக்க ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

"காரை எடுத்தா பல்லு ஆடும்" என்ற பேச்சை வாரத்துக்கு இரண்டு தரமாவது கேட்கிறேன். எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை சீமெந்து மாதிரிப் பிடித்து வைத்திருந்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வற்றுவதால் கூச்சமும் இடைவெளியும் தெரியும். காரை எடுத்ததால் ஆடிய பல்லை நான் கண்டதில்லை. காரையோடு விழுந்த பற்களைக் கிண்ணத்தில் ஏந்தியிருக்கிறேன்.

வீட்டில் தினமும்

மென்மையான பிரஷ், இரண்டு நேரம், இரண்டு நிமிஷம். பிரஷின் மயிர் பாதி பல்லிலும் பாதி ஈற்றோரத்திலும் படும்படி சாய்த்துப் பிடித்து, இருந்த இடத்திலேயே சின்னதாக அசைக்க வேண்டும். சட்டி தேய்ப்பது மாதிரிக் குறுக்கே இழுத்தால் ஈறு இறங்கும். நான் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். பழைய வழக்கத்தில் உமிக்கரி, உப்பு, செங்கல் தூள் வைத்துத் தேய்ப்பவர்கள் பல்லின் மேல்பூச்சைத் தேய்க்கிறார்கள். வேப்பங்குச்சியால் விளக்குகிறவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை, கடித்து நன்றாக மென்மையாக்கினால் சரி. பல்லின் உட்பக்கத்துக்கு அது எட்டாது என்பதை மட்டும் சொல்லிவைப்பேன்.

பிரஷ் பற்களின் நடுவில் போகாது, நோய் தொடங்குவதோ அங்கே. இடைவெளி இருப்பவர்களுக்குப் பல்லிடுக்குப் பிரஷ்தான் நூலை விட நல்லது. போத்தல் கழுவும் பிரஷின் குட்டிப் பிள்ளை மாதிரி இருக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பெரிய பார்மசிகளில் கேட்டுப் பாருங்கள். அளவு முக்கியம்: கொஞ்சம் இறுக்கமாக உள்ளே போய் வர வேண்டும், கம்பி பல்லில் உரசக் கூடாது. ஒரே வாய்க்கு இரண்டு அளவு தேவைப்படலாம், டொக்டரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் ஒரு கிழமை ரத்தம் வரும். பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தாமல் செய்தால் இரண்டாம் கிழமையில் குறைவது உங்களுக்கே தெரியும். குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பானை இரண்டு கிழமைக்கு மேல் நீட்டாதீர்கள். பிளேன்டீ குடிக்கிற நம் வாயில் பல் கபிலமாகிவிடும். உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், காரையைக் கரைக்காது.

எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் போவது என்பதுதான் குடும்பத் தாள் உதவும் இடம். வீட்டில் யாருக்கும் ஆடி விழவில்லை, புகை இல்லை, சீனி இல்லை, எண் மூன்றுக்குள் என்றால் வருஷத்துக்கு ஒரு தரம் போதும். இதில் ஒன்று பிழைத்தால் ஆறு மாதம். அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ நாற்பதுக்குள் ஆடியது, அதோடு உங்களுக்கும் நாலு ஐந்து என்று பள்ளம் விழுந்துவிட்டது அல்லது புகையோ சீனியோ சேர்ந்திருக்கிறது என்றால் மூன்று மாதம்.

நான் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் படுக்கிறேன். போன தரம் கீழ் முன்பற்களில் மூன்று, மூன்று, நாலு. மகனுக்குப் பதினேழு வயது, அப்பாவின் தாடை, அப்பாவின் சிரிப்பு. போன வெசாக் லீவில் அவனையும் அளந்தாயிற்று. எல்லாம் இரண்டும் மூன்றும், மேல்வாய் வலது கடைவாய்ப் பல்லில் மட்டும் ஒரு நாலு. கலண்டர் தாளில் பன்னிரண்டாவது ஆளாக அவன் பெயரை எழுதி, அந்த நாலைச் சுற்றி வட்டம் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் காந்தத்தில் ஒரு பல்லிடுக்குப் பிரஷ் பெட்டியும் தொங்குகிறது. நேற்று அப்பா பார்க்க வந்தவர் அதைத் திறந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எதும்மா, தையல் மிசினுக்கா?" என்று கேட்டார்.